பத்தாம் வகுப்புக் கணக்குக்கு வீட்டில் டியூஷன் எடுப்பது எப்படி

பி.எஸ்சி. கணிதமும் பி.எட்.டும் முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் பெண்கள் எங்கள் கோவில்பட்டியில் நிறையப் பேர். "அக்கா, நானும் வீட்டுலயே பத்தாங்கிளாஸ் பிள்ளைகளுக்கு எடுக்கலாம்னு இருக்கேன், எப்படி ஆரம்பிக்க?" என்று கேட்டு வருவார்கள். வாசலில் நின்றபடி ஆளுக்கொரு துண்டாகச் சொன்னதையெல்லாம் இங்கே சேர்த்து எழுதுகிறேன். நான் எடுப்பது மாநிலப் பாடத்திட்டம், தமிழ் வழி, கணக்கு மட்டும். வரும் பிள்ளைகளில் பலருடைய அம்மா தீப்பெட்டி ஆபீசுக்கு, அதாவது தீப்பெட்டித் தொழிற்சாலைக்கு, வேலைக்குப் போகிறவர். அந்த வீட்டுக் காசுதான் ஃபீஸாக வருகிறது என்பதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் ஒரு சட்ட விஷயம். பள்ளியில் ஆசிரியராக இருப்பவர் தனியாக டியூஷன் எடுக்கக் கூடாது என்று 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு சொல்கிறது. வேலை கிடைத்த அன்றைக்கு டியூஷனை நிறுத்திவிட வேண்டும். நடுவருஷத்தில் கிடைத்தால் பிள்ளைகளை யாரிடம் ஒப்படைப்பது என்று இப்போதே யோசித்து வையுங்கள்.

டியூஷன் டீச்சரின் வேலை விளக்குவது என்று நினைத்துத்தான் எல்லாரும் ஆரம்பிக்கிறார்கள். விளக்குவதற்குப் பள்ளியில் ஆள் இருக்கிறார், போனைத் திறந்தால் யூடியூபில் நூறு பேர் விளக்குகிறார்கள். நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் செய்ய முடியாதது வேறு ஒன்று. ஒரு பிள்ளை எந்த வரியில் வழுக்குகிறது, அந்த வரியை எழுதும்போது மனசில் என்ன நினைத்தது என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது. நமக்குக் கொடுக்கும் பணம் அதற்குத்தான்.

முதல் நாள் புத்தகத்தைத் திறக்க வேண்டாம்

ஒரு தாளில் பத்துக் கணக்கு எழுதிக் கொடுங்கள். எதுவும் எட்டாம் வகுப்பைத் தாண்டக் கூடாது. என் தாளில் இவை கட்டாயம் இருக்கும்: 3/4 + 2/5. அடுத்து −7 − 5. அப்புறம் 0.3 × 0.2. (ஏ + பி)² விரித்து எழுது. ஒரு சதுர மீட்டரில் எத்தனை சதுர சென்டிமீட்டர்? 400 ரூபாய்ச் சட்டைக்கு 15 சதவீதம் தள்ளுபடி போக எவ்வளவு கொடுப்பாய்? இதற்கு மார்க் கிடையாது என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள். ரப்பரை வாங்கி மேசையில் வைத்துவிடுங்கள். தப்பென்று தோன்றினால் ஒரு கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதட்டும். அழித்துவிட்டால் நாம் பார்க்க வேண்டியது போய்விடும்.

பெரும்பாலும் வரும் விடைகள் இவை: 5/9, +12, 0.6, ஏ² + பி², 100. பார்த்ததும் தலையில் கை வைக்காதீர்கள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு நியாயம் இருக்கிறது.

−7 − 5 = +12 என்று எழுதிய பிள்ளைக்கு விதி தெரியாமல் இல்லை. "மைனஸும் மைனஸும் ப்ளஸ்" என்ற வரி அதற்குத் தலைகீழ்ப் பாடம். பெருக்கலுக்குச் சொன்ன வரி அது. பிள்ளை அதைக் கூட்டல் கழித்தலுக்கும் கொண்டுவந்துவிட்டது. இந்த இடத்தில் இன்னொரு விதியைச் சொல்லிக் கொடுத்தால் இரண்டும் சேர்ந்து குழப்பும். எண்கோட்டை வரையச் சொல்லுங்கள். −7-ல் விரலை வை, 5 கழிக்கணும்னா எந்தப் பக்கம் நகரணும் என்று கேளுங்கள். விரல் இடது பக்கம் போய் −12-ல் நிற்கும். எழுதிய +12-ஐயும் விரல் நிற்கும் இடத்தையும் பிள்ளை மாறி மாறிப் பார்க்கும். அந்த நேரத்தில் நீங்கள் பேசக் கூடாது.

5/9-க்கும் அப்படித்தான். மீ.பொ.ம. (மீச்சிறு பொது மடங்கு) எடுக்க வேண்டும் என்று உடனே ஆரம்பிக்காதீர்கள். "3/4 பெரிசா, 5/9 பெரிசா?" என்று மட்டும் கேளுங்கள். 3/4 என்பது முக்கால், 5/9 பாதிக்குக் கொஞ்சம்தான் மேலே. முக்காலோடு இன்னும் கொஞ்சம் சேர்த்த பிறகு எப்படிக் குறையும்? 0.3 × 0.2-க்கும் இதே கேள்வி: 0.3-இல் ஐந்தில் ஒரு பங்கு எடுத்தால் அது 0.3-ஐவிடப் பெரிதாக இருக்குமா? விடையை அளவு பார்த்துச் சந்தேகிக்கும் பழக்கம் வந்துவிட்டால் பாதி டியூஷன் முடிந்த மாதிரி.

(ஏ + பி)² கொஞ்சம் நேரம் எடுக்கும், எடுக்கட்டும். ஏ-க்கு 3, பி-க்கு 4 போடச் சொல்லுங்கள். 7-இன் வர்க்கம் 49. 9-உம் 16-உம் சேர்ந்தால் 25. மிச்சம் 24 எங்கே போனது? அப்புறம் ஏழு செ.மீ. பக்கமுள்ள சதுரத்தை வரைந்து, இரண்டு பக்கத்தையும் மூன்றும் நான்குமாகப் பிரித்துக் கோடு போடச் சொல்லுங்கள். மூலையில் ஒரு சின்னச் சதுரம், எதிர் மூலையில் ஒரு பெரிய சதுரம், மிச்சமாக 3 × 4 அளவில் இரண்டு செவ்வகம். அந்த இரண்டு பன்னிரண்டுதான் காணாமல் போன 24. இதில் ஒரு மாலை முழுவதும் போனாலும் நஷ்டமில்லை. பத்தாம் வகுப்பில் இந்தத் தப்பு பல வேஷத்தில் திரும்பி வரும். வர்க்கமூலம் 9 + 16-ஐ 3 + 4 என்று எழுதிவிடுவார்கள். திட்டவிலக்கத்தில் வர்க்கங்களின் கூடுதலையும் கூடுதலின் வர்க்கத்தையும் ஒன்றென்று நினைத்துப் போட்டுவிட்டு, விடை சரியாக வரவில்லையே என்று முழிப்பார்கள். எல்லாவற்றுக்கும் வேர் அந்த இரண்டு செவ்வகம்தான்.

அந்தத் தாளை மார்ச் வரை பத்திரமாக வையுங்கள். பாடம் எதில் நின்றாலும், பிள்ளை அங்கே தடுமாறினால், முதலில் இந்தத் தாளை எடுத்துப் பாருங்கள். முக்கோணவியல் வரவில்லை என்று வரும் பிள்ளைக்குப் பல நேரம் பின்னக் கூட்டல்தான் வரவில்லை.

பேனா யார் கையில்

பிள்ளை நோட்டில் நீங்கள் எழுதாதீர்கள். இது ஒன்றுதான் என் வீட்டில் கண்டிப்பான சட்டம். நம் கை துறுதுறுவென்று இருக்கும். "இங்க கொண்டா, நான் காட்டுறேன்" என்று வாங்கி மடமடவென்று போட்டுக் கொடுத்தால் பிள்ளை தலையாட்டும், "புரிஞ்சுச்சு மிஸ்" என்று சொல்லும், மறுநாள் அதே கணக்கில் அதே வரியில் நிற்கும். நம் கை வேகத்தைப் பார்த்ததில் அதற்குக் கணக்கு வந்துவிடாது. காட்டியே தீர வேண்டும் என்றால் உங்கள் தாளில் வேறு எண்களை வைத்துக் காட்டுங்கள்.

"எப்படி வந்துச்சு?" என்று கேளுங்கள். சரியான விடைக்கும் கேளுங்கள். தப்புக்கு மட்டும் கேட்டால், கேட்ட உடனே பிள்ளை எழுதியதை அடிக்க ஆரம்பித்துவிடும், கேள்வியே தீர்ப்பாகிவிடும். சரியான விடைக்கும் கேட்டால்தான் சில நேரம் தெரியும், இரண்டு தப்பு ஒன்றையொன்று சரிக்கட்டி விடை சரியாக வந்திருக்கிறது என்று.

கேட்டுவிட்டுக் காத்திருங்கள். மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் 1970-களில் வகுப்பறைகளில் இதை அளந்து பார்த்தார். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் பதிலுக்குக் காத்திருந்தது ஒரு விநாடி அளவுதான். அதையே மூன்று விநாடிக்கு மேல் நீட்டியபோது பிள்ளைகள் நீளமாகப் பதில் சொன்னார்கள், பதில் சொல்லாமல் விடுவது குறைந்தது. மூன்று விநாடி என்பது கேட்கத்தான் சின்னது. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்து பாருங்கள், எவ்வளவு நீளம் என்று தெரியும். நான் அந்த நேரத்தில் ஜன்னல் வழியே தெருவைப் பார்ப்பேன். முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் பிள்ளை கணக்கை விட்டுவிட்டு நம் புருவத்தைப் படிக்க ஆரம்பித்துவிடும்.

பள்ளியில் வேறு முறையில் போட்டுக் காட்டியிருந்தால் அதைக் குறை சொல்லாதீர்கள். "எங்க சார் இப்படிப் போடல" என்று பிள்ளை சொன்னால், சார் எப்படிப் போட்டார் என்று போட்டுக் காட்டச் சொல்லுங்கள். காரணிப்படுத்துவதற்கும் வர்க்கமூலம் எடுப்பதற்கும் ஒன்றுக்கு மேற்பட்ட வழி உண்டு. நம் வழிதான் உசத்தி என்று நிரூபிப்பதில் பிள்ளைக்கு மார்க் எதுவும் கூடிவிடாது.

தப்பு நோட்டு

நாற்பது பக்க நோட்டு ஒன்று தனியாக வாங்கச் சொல்லுங்கள். அதில் சரியான கணக்கு எதுவும் வரக் கூடாது. தப்பான வரியை அப்படியே எழுதி, அதன் கீழே "நான் என்ன நினைச்சேன்" என்று ஒரு வரி, "அது ஏன் ஆகாது" என்று ஒரு வரி. அவ்வளவுதான். "கவனக்குறைவு" என்று எழுத அனுமதிக்காதீர்கள். எல்லாத் தப்பையும் அந்தப் பெயரில் அடக்கிவிடுவார்கள். அம்மா அப்பாவும் சேர்ந்து அதையே சொல்வார்கள். ஒரே பிள்ளை ஒரே இடத்தில் மூன்று தடவை கவனக்குறைவாக இருந்தால் அதற்குள் ஏதோ ஒரு நினைப்பு உட்கார்ந்திருக்கிறது என்று பொருள்.

சனிக்கிழமை அந்த நோட்டிலிருந்துதான் டெஸ்ட். போன வாரத் தப்பிலிருந்து இரண்டு, போன மாதத் தப்பிலிருந்து இரண்டு, எண்களை மட்டும் மாற்றி. எபிங்காஸ் என்ற ஜெர்மானியர் பொருளே இல்லாத அசைகளை மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகத்தில் மறக்கிறது என்று தன் மேலேயே சோதித்து 1885-இல் எழுதியதை நாமெல்லாம் பி.எட்.டில் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறோம். முதல் ஒன்றிரண்டு நாளில்தான் நிறைய மறக்கிறது; விட்டு விட்டுத் திரும்பப் பார்த்தால் நிற்கிறது. பரீட்சையில் ஐந்து மார்க்குக்கு எழுதிய நாம், டியூஷன் எடுக்கும்போது மட்டும் அதை மறந்து, ஒரே பயிற்சிக் கணக்கை ஒரே நாளில் இருபது போடச் சொல்கிறோம். ஐந்து போதும். மிச்சத்தை அடுத்த வாரத்துக்கும் அடுத்த மாதத்துக்கும் வையுங்கள்.

எங்கிருந்து தொடங்குவது

வினாத்தாள் உங்கள் சுவரில் ஒட்டியிருக்க வேண்டும். மொத்தம் 100 மார்க், மூன்று மணி நேரம், அதற்கு முன் வினாத்தாளைப் படிப்பதற்கும் சேர்த்து ஒரு கால் மணி. ஒரு மார்க் கேள்வி 14. இரண்டு மார்க்கில் 14 கொடுத்து 10 எழுதச் சொல்வார்கள், ஐந்து மார்க்கிலும் அப்படியே. 28-ஆம் கேள்வியும் 42-ஆம் கேள்வியும் கட்டாயம். கடைசியில் எட்டு மார்க்கில் இரண்டு: ஒன்று வடிவியல் வரைதல், ஒன்று வரைபடம். இரண்டிலும் "இது அல்லது அது" என்று தேர்வு உண்டு. தேர்ச்சிக்கு 35.

புத்தகத்தில் எட்டுப் பாடம். முதல் பாடம் உறவுகளும் சார்புகளும். ஜூன் மாதம் பள்ளியில் அதைத்தான் ஆரம்பிப்பார்கள். கணக்கு என்றாலே பயப்படும் பிள்ளைக்கு நான் அதோடு சேர்த்து வரைபடத்தையும் வரைதலையும் ஜூனிலேயே தொடங்கிவிடுவேன். 16 மார்க் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், கையால் செய்கிற வேலையில் பயம் குறையும். அளவுகோல், கவராயம், பாகைமானி எல்லாம் ஜியாமெட்ரி பாக்ஸில் இருக்கிறதா, கவராயத்தின் திருகு ஆடுகிறதா என்று முதலில் பாருங்கள். ஆடுகிற கவராயத்தால் வட்டம் சேராமல் போய், தனக்கு வரையவே வராது என்று நம்பிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் உண்டு.

இருபடி வரைபடத்துக்கு ஒரு உதாரணம்: எக்ஸ்² − 9எக்ஸ் + 20. எக்ஸுக்கு 0 முதல் 9 வரை போட்டால் ஒய் மதிப்புகள் 20, 12, 6, 2, 0, 0, 2, 6, 12, 20. அட்டவணையைப் போட்டதும் புள்ளி வைக்க ஓட வேண்டாம். வரிசையை உற்றுப் பார்க்கச் சொல்லுங்கள். முன்னாலிருந்து படித்தாலும் பின்னாலிருந்து படித்தாலும் ஒன்றுதான். அடுத்தடுத்த எண்களின் வித்தியாசம் −8, −6, −4, −2, 0, 2, 4 என்று இரண்டிரண்டாகக் கூடுகிறது. இதைத் தானே கண்டுபிடித்த பிள்ளை அட்டவணையில் ஒரு எண் தப்பாகிவிட்டால் யாரிடமும் கேட்காமல் கண்டுபிடித்துவிடும். இன்னொன்றையும் கவனியுங்கள். எக்ஸ் 4-இலும் 5-இலும் ஒய் பூஜ்யம் என்பதால், நிறையப் பேர் அந்த இரண்டு புள்ளியையும் நேர்கோட்டால் சேர்த்துவிடுவார்கள். நடுவில் 4.5 போட்டுப் பார்க்கச் சொன்னால் −0.25 வரும். வளைவு அச்சுக்குக் கீழே கொஞ்சம் இறங்கிவிட்டுத்தான் ஏறுகிறது.

முக்கோணம் வரைவதில்தான் மனப்பாடம் அதிகம். அடிப்பக்கம் பி.க்யூ. 8 செ.மீ., உச்சிக்கோணம் ஆர் 60 பாகை, ஆர்-இலிருந்து நடுக்கோடு 5.8 செ.மீ. பிள்ளைகள் கடகடவென்று சொல்வார்கள்: பி-யில் கீழ்ப்பக்கமாக 60 பாகை, அதற்குச் செங்குத்து, அடிப்பக்கத்துக்கு மையக்குத்துக்கோடு, இரண்டும் வெட்டும் இடம் ஓ, ஓ-வை மையமாக வைத்து வட்டம், நடுப்புள்ளியிலிருந்து 5.8 செ.மீ. வில். ஏன் கீழே 60 பாகை என்று கேட்டால் ஒருவருக்கும் வாய் திறக்காது. இதை விளக்க வேண்டாம், செய்யச் சொல்லுங்கள். வட்டத்தை வரைந்ததும், மேல் வில்லில் இஷ்டத்துக்கு மூன்று புள்ளி வைத்து, ஒவ்வொன்றையும் பி-யோடும் க்யூ-வோடும் சேர்த்து, மூன்று கோணத்தையும் பாகைமானியால் அளக்கச் சொல்லுங்கள். மூன்றும் 60. ஒரே வட்டத்துண்டில் உள்ள கோணங்கள் சமம் என்று ஒன்பதாம் வகுப்பில் படித்தது இதுதான். வட்டம் எதற்கு என்று இப்போது பிள்ளைக்கே தெரிந்துவிடும்: ஆர் எங்கே நின்றாலும் கோணம் 60 ஆக இருக்க வேண்டும், அதற்காகத்தான் வட்டம். வட்டத்தில் ஆர் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதை 5.8 முடிவு செய்கிறது. பி-யில் கீழே வரைந்த கோடு அந்த வட்டத்துக்குத் தொடுகோடு. தொடுகோட்டுக்கும் நாணுக்கும் உள்ள கோணம் எதிர்த் துண்டில் உள்ள கோணத்துக்குச் சமம். நடுக்கோட்டுக்குப் பதில் குத்துயரம் கொடுத்தாலும் கடைசி ஒரு படிதான் மாறும் என்று அதற்குப் பிறகு நீங்கள் சொல்ல வேண்டியிருக்காது.

மெல்லக் கற்கும் பிள்ளைகளுக்கென்று தேர்ச்சிக்கு மட்டும் கைப்பிரதி ஒன்று எல்லா ஊரிலும் சுற்றும். புத்தகத்தின் பின்பக்க ஒரு மார்க், அணிகள், கணங்களின் கார்ட்டீசியன் பெருக்கல், வரைதல், வரைபடம். ஜனவரிக்கு மேல் வந்து சேரும் பிள்ளைக்கு நானும் அதைத்தான் கொடுப்பேன், வேறு வழியில்லை. ஜூனில் வந்த பிள்ளைக்கு அதைக் கொடுப்பது அநியாயம். பதினொன்றாம் வகுப்பில் கணக்கு உள்ள குரூப்பையோ பாலிடெக்னிக்கையோ எடுத்தால் அங்கே முதல் வாரத்திலேயே அது தெரிந்துவிடும்.

கொஞ்சம் வெளியே

முக்கோணவியலில் உயரமும் தூரமும் வரும்போது பாகைமானியின் நடுத் துளையில் நூல் கட்டி, நுனியில் ஒரு நட்டைத் தொங்கவிட்டு, எல்லாரையும் தெருவுக்கு அழைத்துப் போங்கள். எந்தத் தெருவிலும் ஒரு தண்ணித் தொட்டி இருக்கும். பாகைமானியின் நேர்விளிம்பு வழியாகத் தொட்டியின் உச்சியைப் பார்க்க வேண்டும். நூல் 90 பாகைக் கோட்டிலிருந்து எவ்வளவு விலகுகிறதோ அதுதான் ஏற்றக்கோணம். 45 பாகை வரும் வரை பின்னால் நடந்து, அங்கிருந்து தொட்டியின் அடிவரை டேப்பால் அளந்தால் உயரம் அதேதான். 20 மீட்டர் என்றால் 20 மீட்டர். கூட்டத்தில் யாராவது ஒருவர், "மிஸ், நம்ம கண்ணு தரையிலயா இருக்கு?" என்று கேட்பார். யாரும் கேட்கவில்லை என்றால் நீங்கள் கேளுங்கள். கண் உயரத்தையும் கூட்ட வேண்டும். "1.5 மீ உயரமுள்ள ஒருவர்" என்று புத்தகக் கணக்கில் வருவதை அதற்குப் பிறகு யாரும் விட்டுவிட மாட்டார்கள்.

திட்டவிலக்கத்துக்கு எங்கள் ஊரில் வேறெதுவும் தேடிப்போக வேண்டாம். பத்துத் தீப்பெட்டி. 2021 டிசம்பரில் பெட்டி ஒரு ரூபாயிலிருந்து இரண்டு ரூபாயானது, ஆக செலவு இருபது ரூபாய். ஆளுக்கொரு பெட்டி கொடுத்துக் குச்சியை எண்ணச் சொல்லி, சராசரியும் விலக்கமும் போடுங்கள். அப்புறம் இரண்டு இயந்திரம் போட்ட பெட்டிகளின் குச்சி எண்ணிக்கை என்று சொல்லிப் பலகையில் இரண்டு வரிசை எழுதுங்கள்: 48, 50, 50, 52 ஒன்று, 40, 45, 55, 60 இன்னொன்று. இரண்டுக்கும் சராசரி 50. முதலாவதின் திட்டவிலக்கம் 1.41, இரண்டாவது கிட்டத்தட்ட 7.9. எந்த இயந்திரத்தை முதலாளி வைத்துக்கொள்வார், எதை மெக்கானிக்கிடம் காட்டுவார்? அம்மா ஆபீசுக்குப் போகிற பிள்ளைகள் இதற்குச் சொல்லும் பதில் புத்தகத்தில் இருப்பதைவிட நன்றாக இருக்கும்.

அளவியலுக்கு அட்டைக் கூம்பும் அதே ஆரம், அதே உயரமுள்ள உருளையும் செய்து மணலை அள்ளிப் போடுங்கள். மூன்று கூம்புக்கு உருளை நிறையும். இடைக்கண்டத்துக்கு டீக்கடை கிளாஸ். நிகழ்தகவுக்கு இரண்டு பகடை, 36 கட்டம் உள்ள அட்டவணை. இவற்றில் நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை, பிள்ளைகளே பிடித்துக்கொள்வார்கள்.

வீடு, பணம், பெற்றோர்

ஒரு நேரத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் வேண்டாம். பன்னிரண்டு பேரானதும் நம்மையறியாமல் எழுந்து நின்று பாடம் நடத்த ஆரம்பித்துவிடுவோம். நன்றாகப் போடும் பிள்ளையையும் தடுமாறும் பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். ஆனால் சொல்லிக் கொடுப்பவர் பேனாவைத் தொடக் கூடாது என்ற சட்டம் அங்கேயும் உண்டு. சொல்லிக் கொடுக்கிற பிள்ளைக்குத்தான் இதில் லாபம் அதிகம் என்பது என் கணிப்பு.

கதவு திறந்தே இருக்கட்டும். வீட்டில் இன்னொரு பெரியவர் இருக்கிற நேரமாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். வெளியூரிலிருந்து பஸ்ஸில் வரும் பெண்பிள்ளைகள் இருந்தால் கடைசி பஸ்ஸைக் கேட்டுவிட்டுத்தான் நேரத்தை முடிவு செய்ய வேண்டும்.

ஃபீஸ் மாதக் கடைசியில் வாங்குவதைவிட, சம்பளம் வரும் நாளைக் கேட்டு அதற்கு மறுநாள் வாங்குவது நல்லது. தராத மாதத்தில் அதைப் பிள்ளையிடம் கேட்காதீர்கள். அம்மாவிடம் நேரில் கேளுங்கள், மற்றவர்கள் முன்னால் வேண்டாம்.

பெற்றோருக்கு வாரா வாரம் மார்க் அனுப்பாதீர்கள். மார்க்கை அனுப்பினால் அன்றைக்கு வீட்டில் அக்காவோடோ பக்கத்து வீட்டுப் பையனோடோ ஒப்பிட்டு ஒரு பாட்டு நடக்கும், மறுநாள் பிள்ளை தப்பை மறைக்க ஆரம்பிக்கும். மறைத்தால் நமக்கு வேலையே இல்லை. அதற்குப் பதில் காலாண்டுக்கு முன் ஒரு தடவை, அரையாண்டுக்குப் பின் ஒரு தடவை தப்பு நோட்டோடு அம்மாவை வரச் சொல்லுங்கள். ஜூனில் எழுதிய தப்பையும் நவம்பரில் எழுதிய தப்பையும் அடுத்தடுத்துக் காட்டுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவுக்கும் அந்த வித்தியாசத்தைப் பிள்ளையே விளக்கிச் சொல்லிவிடும். ஒருவர் என்னிடம் கேட்டார், "தப்பு தப்பா எழுதி வச்சிருக்கான், இதுக்கா டீச்சர் ஃபீஸ்?" ஆமாம்மா, இதுக்குத்தான் என்றேன். மறுவருஷம் தங்கச்சியையும் கொண்டுவந்து சேர்த்தார்.

"செண்டம் வாங்கிருவானா?" என்று கேட்கும் அப்பாக்களுக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதை அரசே 2017-இல் நிறுத்திவிட்டது. தெருவில்தான் இன்னும் நிறுத்தவில்லை.

கடைசி மாதம்

பிப்ரவரி முடிந்தால் புதிய பாடம் கிடையாது. வாரம் ஒரு முழு வினாத்தாள், மூன்று மணி நேரம், நடுவில் தண்ணீருக்கு எழுந்திருக்காமல். திருத்தும்போது விடையை மட்டும் பார்க்காதீர்கள். சூத்திரம் எழுதினால் அதற்கு மார்க், பிரதியிட்டால் அதற்கு மார்க் என்று படிப்படியாகத்தான் போடுவார்கள். அதனால் தெரியாத ஐந்து மார்க் கேள்வியிலும் தெரிந்த வரியை எழுதிவிட்டு வரப் பழக்குங்கள். பக்கத்தை வெறுமையாக விட்டால் யாரும் எதுவும் போட முடியாது.

அந்தக் கால் மணி நேரத்தில் என்ன செய்வது என்றும் பழக்க வேண்டும். 28-ஐயும் 42-ஐயும் முதலில் படிக்கட்டும். இவை பல நேரம் புத்தகத்தில் உள்ளபடியே வராது. மனசுக்குள் ஊறுவதற்கு நேரம் வேண்டும். பிறகு ஐந்து மார்க்கில் எந்த நான்கை விடுவது என்று முடிவு செய்யட்டும். எழுதும்போது வரைதலையும் வரைபடத்தையும் கடைசிக்குத் தள்ளாமல் முதல் ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடச் சொல்வேன், அவசரத்தில் கவராயம் வழுக்கும். சிலர் ஒரு மார்க்கில் தொடங்கினால்தான் கை ஓடும் என்பார்கள், அவர்களை அவர்கள் போக்கில் விடுங்கள்.

பரீட்சைக்கு முந்தின நாள் டியூஷன் வைக்காதீர்கள். ஹால்டிக்கெட், இரண்டு பேனா, சீவிய பென்சில், திருகு இறுக்கிய கவராயம் எல்லாம் எடுத்து வைத்தாயிற்றா என்று ஒரு போன் மட்டும். அன்றைக்குப் புரட்டத் தப்பு நோட்டு ஒன்று போதும். கணக்குப் பரீட்சை முடிந்து வரும் பிள்ளையிடம் வினாத்தாளைப் பிடுங்கி விடை சரிபார்க்காதீர்கள். அடுத்த பரீட்சை இருக்கிறது.

முடிவு வரும் அன்று முதல் போன் தேறாத பிள்ளையின் வீட்டுக்கு. ஒரு வருஷம் வீணாகிவிடவில்லை, சில வாரங்களில் துணைத்தேர்வு உண்டு என்பதை அம்மாவிடம் சொல்லுங்கள், பிள்ளையிடமும் தனியாகச் சொல்லுங்கள். அதற்கு விண்ணப்பிக்கக் கொடுக்கும் நாட்கள் குறைவு, அதனால் மறுநாளே பள்ளிக்கு அனுப்பி விவரம் கேட்டு வரச் சொல்லுங்கள். அந்தச் சில வாரங்களுக்கு நான் ஃபீஸ் வாங்குவதில்லை. நீங்கள் வாங்கினாலும் தப்பில்லை. முதல் நாள் மறுபடியும் பத்துக் கணக்குத் தாள்தான், எண்களை மட்டும் மாற்றி.